பழைய சூப்பர் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றே சுவிட்சைப் போடாதீர்கள்

முப்பது வருடம் கோடவுனில் கிடந்த கம்ப்யூட்டருக்கு, புது உரிமையாளர் ஆசையோடு மின்சாரம் கொடுக்கும் முதல் அரை நிமிடம்தான் கண்டம். கெபாசிட்டர் வெடிக்கும். ஐந்து வோல்ட் வர வேண்டிய லைனில் ஏழு வோல்ட் பாய்ந்து மெமரி போர்டு மொத்தமாகச் சாகும். டிஸ்க் சுழன்று, ஹெட் உரசி, வேறெங்கும் பிரதி இல்லாத ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் தூளாகும். மூன்றையும் தடுக்கலாம். சில வாரப் பொறுமையும் கைநிறைய ரெசிஸ்டர்களும் போதும்.

முதலில், எது வீட்டுக்கு வரும், எது வராது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1976-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போன, கிரே நிறுவனத்தின் முதல் சூப்பர் கம்ப்யூட்டரான கிரே-1 ஐந்தரை டன் எடை. 115 கிலோவாட் தின்னும். ஃப்ரியான் என்ற குளிர்பொருளை ஓட்டிக் குளிர்விக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதற்கு ஆகாது. மோட்டார்-ஜெனரேட்டர் வைத்து 400 ஹெர்ட்ஸாக மாற்றித் தர வேண்டும். 1985-இல் வந்த கிரே-2-இன் சர்க்யூட்டுகள் ஃப்ளூரினெர்ட் என்ற திரவத்தில் முழுக்க மூழ்கியே வேலை செய்தன. இவற்றை அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பார்த்து மகிழலாம். வீட்டில் ஓட்டக்கூடியவை 1990-களில் வந்த, மின்விசிறிக் காற்றிலேயே குளிரும் சிறிய மாடல்கள்: கிரே ஒய்-எம்பி ஈஎல், அதன் தம்பி ஈஎல்92, 1994-இல் வந்த ஜே90, சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஓரிஜின் 2000.

வேகத்துக்காக யாரும் இவற்றை வாங்குவதில்லை. ஈஎல்-இன் ஒரு பிராசசர் நொடிக்கு 133 மில்லியன் தசமக் கணக்குகள்தான் போடும். உங்கள் கையில் இருக்கும் போன் அதைப் பலமடங்கு மிஞ்சும். ஆனால் ஒரே கட்டளையில் 64 எண்களை வரிசையாக வாங்கிக் கணக்குப் போடும் அந்த வெக்டர் ரெஜிஸ்டர்களின் அழகை, அவை பிறந்த இரும்பிலேயே ஓட்டிப் பார்ப்பது தனி அனுபவம். அதைக் காப்பாற்ற ஆள் இல்லையென்றால் போர்டுகள் தங்கத்துக்காக அமிலத்தில் போய்விடும்.

வாங்கும்போது பலரும் கோட்டை விடுவது பெரிய பெட்டியில் அல்ல, பக்கத்தில் நிற்கும் சின்னப் பெட்டியில். ஜே90 தானாக எழுந்து நிற்காது. அதோடு வந்த சன் ஸ்பார்க் பணிநிலையம்தான் அதன் கன்சோல். துவக்க நிரல்களும் கட்டமைப்புக் கோப்புகளும் அதில்தான் இருக்கும். பழைய இரும்பு வியாபாரியின் கண்ணுக்கு அது சாதாரணப் பழைய கம்ப்யூட்டர். தனியாகப் பிரித்து விற்றுவிடுவார். அது இல்லாத ஜே90, சாவி தொலைந்த இரும்புப் பெட்டி. எனவே விலை பேசும் முன்பே பணிநிலையம், அதன் டிஸ்க், நிறுவல் சிடிகள், டேப்புகள், கேபினெட்டுகளுக்கு இடையே ஓடும் கேபிள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் இரு முனையிலும் சீட்டு ஒட்டி, போட்டோ எடுத்த பிறகே கழற்றுங்கள்.

இடம் பற்றிச் சுருக்கமாக. ஒய்-எம்பி ஈஎல் கேபினெட் 201 செ.மீ. உயரம், 127 செ.மீ. அகலம், 81 செ.மீ. ஆழம், சுமார் 635 கிலோ. அதாவது ஒரு சதுர மீட்டரில் 600 கிலோவுக்கு மேல். குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில்தான் வடிவமைக்கப்படுகிறது. ஆகவே தரைத்தளம் மட்டுமே. அங்கும் நான்கு சக்கரத்தில் ஆளுக்கு 160 கிலோ இறங்குவதால் டைல்ஸ் உடையும், 18 மி.மீ. பிளைவுட் விரித்து அதன்மேல் உருட்டுங்கள். ஏழடி நிலைக்கதவில் மேலே ஒரு சாண்கூட மிஞ்சாது. டிஸ்க்குகளையும் பவர் சப்ளைகளையும் கழற்றி எடையைக் குறைத்த பிறகே நகர்த்த வேண்டும்.

மின்சாரம் அப்படிச் சுருக்கமாக முடியாது. ஈஎல் 6 கிலோவாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் அது 26 ஆம்பியர். ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். தனியாக 6 சதுர மி.மீ. காப்பர் வயர், 32 ஆம்பியர் எம்சிபி (அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), அதே அளவு தொழிற்சாலை வகை சாக்கெட் வேண்டும். எம்சிபி சி வகையாக இருக்கட்டும். பி வகை, போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டத்துக்கே விழுந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் கம்ப்யூட்டரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அங்கே மூன்று பேஸ் என்றால் பேஸுக்குப் பேஸ் 208 வோல்ட், இங்கே 415. மூன்று பேஸ் பிளக்கைப் பார்த்ததும் நம் மூன்று பேஸில் மாட்டினால் எல்லாப் பவர் சப்ளையும் ஒரே நொடியில் போகும். பெயர்ப்பலகையைப் படித்து, ஒவ்வொரு சப்ளையும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் பெறும்படி வயரிங்கை மாற்ற வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மின்விசிறிகள் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், காற்றும் அந்த அளவு குறையும். நம் கோடையில் அது பெரிய குறை, மாற்றிவிடுங்கள். 6 கிலோவாட் சூட்டை அறையிலிருந்து வெளியேற்ற இரண்டு டன் ஏசி தேவை.

இன்னொன்று. ஒவ்வொரு சப்ளையின் வாசலிலும் உள்ள ஃபில்டர் கொஞ்சம் மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். பல சப்ளைகள் சேரும்போது எர்த் கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி விழும். விழுகிறதே என்று எர்த்தைக் கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கேபினெட்டின் உடம்பே கரண்ட் அடிக்கும். இன்சுலேஷன் சோதனை முடித்து, அந்தச் சர்க்யூட்டுக்கு மட்டும் பொருத்தமான ஆர்சிசிபியும் தடித்த எர்த்தும் போடச் சொல்லி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

பவர் சப்ளை: பொறுமை வேண்டிய இடம்

அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரைக் காப்பது அதன் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். பல வருடம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் படலம் தேயும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் கசிவு மின்னோட்டம் அதிகமாகி, சூடேறி, வாயு உருவாகி வெடிக்கும். இதற்குப் பலர் சொல்லும் வைத்தியம், வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்துப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுவது. பழைய ரேடியோவுக்கு அது சரி. இந்தக் கம்ப்யூட்டர்களில் இருக்கும், டிரான்சிஸ்டரை வேகமாகப் போட்டு அணைத்து வோல்டேஜை மாற்றும் ஸ்விட்சிங் பவர் சப்ளைக்கு அது விஷம். வெளியே கொடுக்கும் வாட் மாறாததால், உள்ளே வோல்டேஜ் குறையக் குறைய அது அதிக ஆம்பியர் இழுக்கும். பாதி வோல்டேஜில் தடுமாறித் தடுமாறித் துவங்கி ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்களைச் சுட்டுவிடும்.

சரியான வழி, பெரிய கெபாசிட்டர்களைக் கழற்றி, தேய்ந்த படலம் மறுபடி வளரும்படி தனியாகப் பழக்குவது. அதற்கு முன் காலி செய்யுங்கள்: 230 வோல்ட்டை நேராக்கினால் 325 வோல்ட் டிசி, 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் அது 50 ஜூலுக்கு மேல். ஆளைத் தூக்கியடிக்கும். ஸ்குரூடிரைவரால் உரசாமல், 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்புகளால் அரை நிமிடம் குறுக்கே பிடித்து, பிறகு மீட்டரால் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். சில கெபாசிட்டர்களில் வோல்டேஜ் தானே கொஞ்சம் திரும்பும்.

பழக்குவதற்கு, மெயினிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு டிசி சப்ளை, தொடரில் 22 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர். 50 வோல்ட்டில் துவங்குங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே 22 வோல்ட் இருந்தால் கசிவு 1 மில்லியாம்பியர். அது குறைந்துகொண்டே வந்து சில வோல்ட்டில் நிலைத்ததும் அடுத்த 50 வோல்ட். வேலை செய்யும் வோல்டேஜ் வரை ஏறச் சில மணி நேரம் ஆகும், சிலதற்கு இரண்டு நாள். கசிவு குறையாமல் நின்றாலோ, ஏறினாலோ, மேல்மூடி உப்பினாலோ அந்தக் கெபாசிட்டர் குப்பைக்கு. தேறியவற்றையும் ஈஎஸ்ஆர் மீட்டரில் (கெபாசிட்டரின் உள்தடையை அளப்பது) பார்த்தே மாட்டுங்கள்.

மெயின் வாசலில் மஞ்சள் கலந்த கண்ணாடிபோன்ற பிசினுக்குள் அடைத்த காகிதக் கெபாசிட்டர்கள் இருந்தால் சோதிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். பிசினில் மயிரிழை விரிசல் விழுந்து ஈரம் உள்ளே போயிருக்கும்; மின்சாரம் ஏறிய சில நிமிடத்தில் வீடு முழுக்கப் புகை. அதே மதிப்பில், மெயின் லைன்களுக்குக் குறுக்கே போடவென்றே செய்த எக்ஸ்2 வகை பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் போடுங்கள். எர்த்துக்குப் போகும் இடத்தில் ஒய் வகை மட்டுமே போட வேண்டும். மாற்றிப் போட்டால் உயிருக்கு ஆபத்து.

அடுத்து, போர்டுகள் எதையும் இணைக்காமல் போலிச் சுமையில் ஓட்டுங்கள். சுமையே இல்லாவிட்டால் பல ஸ்விட்சிங் சப்ளைகள் துவங்காது, சில வோல்டேஜை உயர்த்திவிடும். 5 வோல்ட்டுக்கு 0.5 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் ஒன்று 10 ஆம்பியர் இழுக்கும். தேவைக்கேற்ப இணையாகச் சேருங்கள். வோல்டேஜை அளந்து சப்ளைக்குச் சொல்லும் சென்ஸ் வயர்கள் இரண்டையும் சுமையின் முனையில் மாட்ட மறக்க வேண்டாம். அந்த மெல்லிய வயர்கள் விடுபட்டால் சப்ளை வோல்டேஜ் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகும். முதல் பத்தியில் சொன்ன ஏழு வோல்ட் இப்படித்தான் வருகிறது. நான்கு மணி நேரம் சூடாக ஓடவிட்டு, ஆஸிலோஸ்கோப்பில் சிற்றலை (டிசியில் கலந்து வரும் ஏற்ற இறக்கம்) 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எலக்ட்ரீஷியன்கள் மெயின் லைனில் தொடராக மாட்டிச் சோதிக்கும் சீரியல் பல்ப் இங்கே முழு ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும்: பல்ப் மின்னி மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் ஷார்ட். அதன் வழியாகச் சப்ளையை ஓட்ட முயலாதீர்கள். ஐந்து வோல்ட்தானே என்று மோதிரத்தோடு கை வைக்கவும் வேண்டாம். 200 ஆம்பியர் பாயும் பஸ்பார் என்ற தடித்த உலோகப் பட்டை மோதிரத்தை விரலோடு சுட்டுவிடும்.

டிஸ்க்கைத் தொடும் முன்

கெபாசிட்டர் போனால் கடையில் கிடைக்கும். கிரேயின் ஆப்பரேட்டிங் சிஸ்டமான யூனிகோஸ் போனால் கிடைக்காது. 2010-இல் ஓர் அமெரிக்க ஆர்வலர் கிரே-1-ஐ எஃப்பிஜிஏ என்ற, உள் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பில் மறுபடி உருவாக்கி முடித்தபோது, அதில் ஓட்ட மென்பொருள் எங்கும் இல்லை. பிறகு ஒரு பழைய டிஸ்க் பேக்கின் காந்தத் தடங்களைப் படித்துத்தான் கிரேயின் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று மீட்கப்பட்டது. உங்கள் கையில் இருப்பது அப்படிப்பட்ட கடைசிப் பிரதியாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

டிஸ்க்கை அதன் சொந்தப் பொறியில் சுழற்றாதீர்கள். கழற்றி, ஸ்கஸி (பழைய டிஸ்க்குகளை இணைக்கும் முறை) அட்டை உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில், தனி நல்ல சப்ளையில், மேலே ஒரு மின்விசிறியோடு மாட்டுங்கள். எழுதுவதைத் தடுக்கும் ஜம்பர் இருந்தால் போடுங்கள். கெட்ட டிஸ்க்கிலிருந்து பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலை முதல் சுற்றில் மறுமுயற்சி இல்லாமல் ஓட்டி, எளிதாக வருவதை எல்லாம் எடுத்துவிடுங்கள். அடம்பிடிக்கும் இடங்களுக்கு இரண்டாம் சுற்று. முதலிலேயே கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் நல்ல இடமும் போகும். டிஸ்க் தெரிகிறது, படிக்க மறுக்கிறது என்றால் பிரிவளவு (டிஸ்க் தரவைத் துண்டு போடும் அளவு) 512 பைட்டாக இல்லாமல் இருக்கலாம். ஸ்கஸி கட்டளைகளால் நேரடியாகப் படிக்கும் கருவிகளைப் பயன்படுத்துங்கள். ‘சரிசெய்ய’ லோ-லெவல் ஃபார்மேட் கொடுத்தால் கதை முடிந்தது. டேப்பை டிரைவில் போடும் முன் ரப்பர் உருளையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் டேப் அதில் ஒட்டிக்கொண்டு கிழியும்.

டிஸ்க்கின் முழுப் பிரதியை எடுத்து இரண்டு இடத்தில் வைத்த பிறகு, அசல் டிஸ்க்கை உறையிலிட்டு வைத்துவிட்டு, எஸ்டி கார்டை வைத்து டிஸ்க்போல நடிக்கும் ஸ்கஸி எமுலேட்டரில் பொறியை ஓட்டலாம்.

போர்டுகளும் முதல் துவக்கமும்

நிக்கல்-காட்மியம் பேட்டரி எதைக் கண்டாலும் வெட்டி எடுங்கள். கசிந்திருந்தால் அது காரம். வினிகரால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் முடியுங்கள். ஸ்பார்க் பணிநிலையத்தில் கடிகார சிப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் ஈதர்நெட் முகவரியும் ஹோஸ்ட் எண்ணும் அழிந்து, நெட்வொர்க் துவக்கம் நின்றுவிடும். சிப்பைப் புதிதாக மாற்றி, பழைய சீட்டில் உள்ள முகவரியை மறுபடி எழுத வேண்டும். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஓரிஜின் 2000-இல் போர்டுகள் ஊசியால் அல்ல, அமுக்கத்தால் இணைகின்றன. அந்தத் தங்கப் பூச்சுப் புள்ளிகளில் விரலோ துணியோ படக்கூடாது. தூசிக்கு உலர்ந்த காற்று மட்டும். கழற்றிய கணமே மூடி போடுங்கள். மற்றப் பொறிகளின் தங்க விளிம்புகளில் பென்சில் ரப்பர் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள், பூச்சு போய்விடும்.

துவக்கும்போது குறைந்தபட்சத்திலிருந்து தொடங்குங்கள்: ஒரு பிராசசர் போர்டு, துவக்கத்துக்குப் போதுமான மெமரி, சீரியல் கன்சோல். காலி ஸ்லாட்டுகளில் மூடித் தகடுகள் கட்டாயம். இல்லாவிட்டால் காற்று அந்த வழியே ஓடி, போர்டு வேகும். கன்சோலில் வரும் ஒவ்வொரு வரியையும் கோப்பில் பதியுங்கள். முதல் பிழைக்குப் பின் வரும் ஐம்பது பிழைகள் பெரும்பாலும் அதன் எதிரொலிதான்.

இவ்வளவு இடமும் மின்சாரமும் இல்லாதவர்களுக்கு டிரான்ஸ்பியூட்டர் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டலின் இன்மாஸ் நிறுவனம் செய்த இந்தப் பிராசசர் சிப்புகளில், மற்றச் சிப்புகளோடு பேச நான்கு லிங்குகள் உண்டு. சிப்போடு சிப்பைக் கோத்தால் இணைக் கணினி. 1988-இல் தொடங்கிய இந்திய அரசின் சி-டாக் நிறுவனம், 1991-இல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியது இவற்றைக் கொண்டுதான். டிரான்ஸ்பியூட்டரும் மெமரியும் சேர்ந்த உள்ளங்கை அளவு டிராம் பலகைகள் நான்கைப் பழைய பிசியின் ஐஎஸ்ஏ அட்டையில் செருகி, மேசைமேல் அதே கட்டமைப்பைப் பழகலாம். ஒரு பலகை மட்டும் பதில் சொல்லவில்லையென்றால், சிப் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் லிங்க் வேகத்தைப் பாருங்கள். ஒரு முனை 10 மெகாபிட்டிலும் மறுமுனை 20 மெகாபிட்டிலும் இருந்தால் பேச்சே நடக்காது.