ஊரில் இருக்கும் ஆத்தாவிடம் போனில் என்ன கேட்கிறீர்கள்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து என்னிடம் வரும் வயதானவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். "மூட்டெல்லாம் வலிக்குது", "நெஞ்சு படபடங்குது", "விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது" என்பார்கள். இதயம், வயிறு, நரம்பு என்று ஒவ்வொரு டாக்டராகப் பார்த்து முடித்த பிறகே மனநல மருத்துவரிடம் வருகிறார்கள். முதுமையில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகவே வெளிப்படும். சிலருக்கு மறதி போலவும் தெரியும். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்.

செட்டிநாட்டில் அப்படிச் சொல்லக்கூடப் பல வீடுகளில் ஆளில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீட்டில் ஒருவரோ இருவரோதான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு நிறையும். பிறகு மறுபடியும் அதே வெறுமை.

பிள்ளைகள் தினமும் போன் செய்கிறார்கள், அதை நான் அறிவேன். "ஆத்தா, சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." "மாத்திரை போட்டியா?" "போட்டேன்." கடல் கடந்து இருக்கும் மகனைக் கலங்க வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? "இன்னைக்கு என்ன சமைச்சே? வீட்டுக்கு யார் வந்தா? கோயிலுக்கு எப்பப் போனே?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று நாளாகப் பழைய சோறும் ஊறுகாயும்தான் என்பது அப்போது தெரியவரும். எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் இல்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"உனக்கு என்ன குறை? பணம் அனுப்புறோம், வேலைக்கு ஆள் போட்டிருக்கோம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைப்பவரை அது இன்னும் நொறுக்கிவிடும். "உனக்கு முடியலைன்னு தெரியுது ஆத்தா. டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட இருக்கேன்" என்பது போதும்.

"இருந்து என்ன ஆகப் போகுது" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியே விடக் கூடாது. சேர்த்து வைத்த தூக்க மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லி, உடனே பங்காளி வீட்டிலிருந்தாவது ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போகவும் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். பார்த்துக்கொள்பவர்களும் அழைக்கலாம்.

சிகிச்சையில் முதலில் தைராய்டு, பி12 போன்ற ரத்தப் பரிசோதனைகள் செய்வோம். அவற்றின் குறைபாடும் சோர்வைத் தரும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகலாம். பத்தாம் நாளே "மாத்திரை கேக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

முதல் முறை அழைத்துவரும்போது உங்களால் வர முடியாவிட்டால், அம்மாவின் சம்மதத்தோடு போனிலாவது இருங்கள். போன வருஷம் எப்படி இருந்தார், இப்போது எது மாறியிருக்கிறது என்பதை நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.