மேய்ச்சல் நிலத்தில் ஒரு சந்தேக மரணம்: இறந்த நேரத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணைகளில் ஒரு வேலிக்கும் அடுத்த வேலிக்கும் இடையே பல கிலோமீட்டர் தூரம் ஆள் நடமாட்டம் இல்லாத நிலம் உண்டு. அங்கே மனித உடல் ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்தால், அந்தக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரிஃப் என்னும் காவல் தலைவர் விசாரணையைத் தொடங்குகிறார். மாநிலத்தின் 254 கவுண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மரண விசாரணைக்கென்று தனி மருத்துவ அலுவலகம் கிடையாது. உடற்கூறாய்வு தேவையா என்பதை ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் எனப்படும் உள்ளூர் நீதிபதியே முடிவு செய்கிறார். அவர் மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே, உடல் தொலைவிலுள்ள நகரத்துக்குப் போகும் முன்பு அந்த நிலத்தில் எவை குறித்துவைக்கப்படுகின்றனவோ, அவற்றைப் பொறுத்தே பின்னர் செய்யப்படும் கணக்கெல்லாம் அமையும்.

இறந்த முதல் நாளில் உடல் குளிர்வதும், தசைகள் விறைப்பதும், இரத்தம் தாழ்ந்த பக்கத்தில் தேங்கித் தோலை நிறம் மாற்றுவதும் நேரத்தைக் காட்டும். ஆனால் கோடை வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்டில் உடல் எங்கே குளிரும்? விறைப்பும் விரைவாக வந்து விரைவாகவே விலகிவிடும்.

அதன் பிறகு துணைக்கு வருபவை ஈக்கள். பகல் வெளிச்சத்தில் ஊன் ஈக்கள் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வந்து, கண், மூக்கு, வாய், காயம் ஆகியவற்றில் முட்டையிடுகின்றன. இயற்கைத் துவாரம் இல்லாத உள்ளங்கையில் புழுக்கள் மொய்த்திருந்தால், அங்கே ஒரு வெட்டுக்காயம் இருந்திருக்குமோ, இறந்தவர் தாக்குதலைக் கையால் தடுத்திருப்பாரோ என்ற கேள்வி எழ வேண்டும். புழுவின் பின்முனையிலுள்ள சுவாசத் துளைகளை உருப்பெருக்கியில் பார்த்தால், இரண்டாம் வளர்ச்சிப் பருவத்தில் இரண்டிரண்டு கீற்றுகளும் மூன்றாம் பருவத்தில் மும்மூன்று கீற்றுகளும் தெரியும். வெப்பம் கூடினால் வளர்ச்சி வேகமாகும் என்பதால், அந்த இடத்தின் மணிவாரியான வெப்பநிலையோடு பருவத்தை ஒப்பிட்டு, முட்டையிடப்பட்ட நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். சில புழுக்களை வெந்நீரில் கொன்று ஆல்கஹாலில் இட வேண்டும்; வேறு சிலவற்றை உயிரோடு வளர்த்து, ஈயாக மாறியபின் இனத்தை உறுதிசெய்ய வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதையும் பிணந்தின்னிக் கழுகுகள் குலைத்துவிடக்கூடும். சான் மார்கோஸ் நகருக்கருகே ஒரு மேய்ச்சல் பண்ணைக்குள்ளேயே, தானமாகப் பெற்ற உடல்களை வெட்டவெளியில் வைத்து ஆராயும் நிலையம் ஒன்றை டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2008 முதல் நடத்திவருகிறது. அங்கே வைக்கப்பட்ட ஓர் உடலைப் பல வாரங்கள் கழுகுகள் தொடவே இல்லை. 37 நாட்களுக்குப் பிறகு கூட்டமாக இறங்கியவை, ஏறத்தாழ 5 மணி நேரத்தில் அதை எலும்புக்கூடாக்கிவிட்டன. 2012இல் வெளியான இந்த ஆய்வின் முக்கியத்துவத்தை மிகைப்படுத்திச் சொல்லவே முடியாது என்பது என் எண்ணம். வெறும் எலும்புகளைக் காணும் விசாரணையாளர், அந்த மனிதர் இறந்து பல மாதங்களாகிவிட்டன என்று கருதினால், சென்ற வாரம் காணாமல் போனவரின் கோப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

கழுகு வந்துபோனதை அறிய வழி உண்டு. மிதிபட்டுப் படிந்த புல், உதிர்ந்த இறகுகள், வெள்ளை எச்சம், எலும்பின் மேல் மெல்லிய கீறல்கள் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். கொயோட் என்னும் காட்டு நாய் இனம் தின்றிருந்தால் எலும்பு முனைகள் கடித்து மெல்லப்பட்டிருக்கும். கழுகுகள் எலும்புகளை இழுத்துச் சிதறடிப்பதால், ஒவ்வொரு துண்டின் இடத்தையும் வரைபடத்தில் குறித்த பிறகே எடுக்க வேண்டும். முதலில் உடல் கிடந்த இடத்தை, கசிந்த திரவத்தால் கறுத்த மண்ணும் கருகிய புல்லும் காட்டும். தசைக்குள் தங்கியிருந்த தோட்டா அங்கேயே விழுந்து புதைந்திருக்கக்கூடும் என்பதால், உலோகங்காணும் கருவியால் தேடி, அந்த மண்ணைச் சல்லடையில் சலித்துப் பார்க்காமல் அவ்விடத்தை விட்டு அகலக் கூடாது.