பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கி, முப்பது லட்சக் காரை ஓட்டுவது

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், சரியாகச் சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் வந்தது. "அண்ணா, ஒரு கார் பாத்துச் சொல்லணும். நாளைக்குப் பெங்களூர்ல இருந்து எடுத்துட்டு வராங்க. வண்டி சூப்பரா இருக்குதுங்கண்ணா."

இன்னும் வந்து சேராத வண்டி எப்படி சூப்பராக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கோவையில் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு வருவதில் பாதிக்கு மேல் ஐரோப்பியக் கார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குமுன் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துச் சொல்லும் வேலையும் உண்டு. அப்படி அழைத்து வருபவர்களில் 25 வயதுக்குள் இருக்கும் பையன்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: டர்போ, பெட்ரோல், வேகம்.

இந்தத் தம்பிக்கு 24 வயது. சரவணம்பட்டியில் ஐடி வேலை, பிடித்தம் போகக் கையில் வருவது 68,000. பார்த்திருந்த கார், ஆறு வயதான 1.8 லிட்டர் டர்போ செடான். புதிதாக எடுத்தபோது ஆன்ரோடு முப்பது லட்சத்தைத் தொட்டிருக்கும். இப்போது கேட்பது 12 லட்சம். "பாதி விலைக்கும் கீழங்கண்ணா" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பான்.

ஞாயிறு காலை வண்டி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நான் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து டயரைப் பார்ப்பேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். இந்த வண்டியில் மூன்று டயர் மூன்று வெவ்வேறு வருடத்தவை, நான்காவது வேறு கம்பெனி. 230 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய காருக்கு ஒரு செட் டயர் சேர்த்து வாங்க முடியாதவர், கண்ணுக்குத் தெரியாத வேலைகளை எப்படிச் செய்திருப்பார்?

ஸ்கேனரைப் போட்டேன். மீட்டர் 48,000 காட்டியது. கியர்பாக்ஸ் யூனிட்டுக்குள் பதிவாகியிருந்தது 91,000. மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டோடு நிறுத்திக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் மற்ற யூனிட்டுகள் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டரிலும் யாரோ கை வைத்திருந்தார்கள். ரீமேப். சாஃப்ட்வேரை மாற்றி எழுதி எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது, 'ஸ்டேஜ் 1' என்று சொல்லிச் செய்வார்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் இப்படிச் செய்திருப்பதைக் கம்பெனி சர்வீஸ் சென்டர் கண்டுபிடித்தால், அவர்களுடைய சர்வரில் டிடி1 என்று ஒரு குறி விழும். அதோடு எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி போச்சு. விற்கும்போது பழைய சாஃப்ட்வேரை ஏற்றி வைத்தாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பெரும்பாலும் உள்ளே நிற்கும்.

பையன் முகம் வாடிவிட்டது. "அப்ப வேற வண்டி பாக்கலாமாங்கண்ணா?" என்றான். வேறு வண்டி பார்ப்பதற்கு முன் ஒரு டீயைச் சொல்லி, பழைய ஜாப் கார்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். வண்டி சுத்தமாக இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கு.

சேமிப்பும் அப்பா கொடுப்பதும் சேர்த்து மூன்றரை லட்சம். மீதி எட்டரை லட்சம் கடன். பழைய கார் கடனுக்கு அவனுக்குச் சொன்ன வட்டி 13 சதவீதம். கார் பத்து வயதாவதற்குள் கடன் முடிய வேண்டும் என்பதால் நான்கு வருடம்தான். மாதத் தவணை ஏறக்குறைய 22,800. அவன் போட்டிருந்த கணக்கு இதோடு முடிந்துவிட்டது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதானே என்று தைரியமாக இருந்தான்.

அப்புறம் நான் எழுதினேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர், ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது, 95 ஆக்டேன் பெட்ரோல்: 12,000. இன்சூரன்ஸ் வருடத்துக்கு 35,000 என்றால் மாதம் 2,900. சாதாரண சர்வீஸ் 2,000. நான்கு டயர் ஐம்பதாயிரம். கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் முப்பதாயிரம் கிலோமீட்டரில் தேயும், மாதம் 1,700 என்று வைத்தேன். கடைசியாகக் கியர்பாக்ஸ், டர்போ மாதிரிப் பெரிய வேலைகளுக்கு மாதம் 5,000 எடுத்து வை என்றேன். கூட்டினால் 46,400.

"அந்த அஞ்சாயிரம் எதுக்குங்கண்ணா? ரிப்பேர் வராமலும் இருக்கலாம்ல?"

வராமலும் இருக்கலாம். ஆனால் வந்தால் எவ்வளவு என்பதைத்தான் இந்த வயதில் யாரும் சொல்லித் தருவதில்லை. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் ஓட்ட அருமையாக இருக்கும். அதை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை நானே பில் போட்டிருக்கிறேன். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வகை என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றியே ஆகவேண்டும். முந்தைய ஓனர் மாற்றவில்லை என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பாய்ச்சும் எஞ்சின்களில் வால்வின் முதுகில் கரி படியும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது தனி வேலை. காரின் விலை ஆறு வருடத்தில் 30லிருந்து 12 ஆனது. டர்போவின் விலையும் ஹெட்லைட்டின் விலையும் அப்படிக் குறையவில்லை. உதிரிபாகக் கடைக்காரருக்கு நீங்கள் வாங்கிய விலை தெரியாது.

கார் அரிதாக இருந்தால் இன்னும் மோசம். 2016இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ இங்கே வந்தது. 192 குதிரைத்திறன், விலை 25.99 லட்சம், வெறும் 99 வண்டிகள். அது மூன்று கதவு மாடல். தெருவில் ஓடும் ஐந்து கதவு போலோவின் கதவு அதற்குப் பொருந்தாது. ஒருவன் பைக்கில் வந்து கதவில் மோதினால், கதவுக்காகக் காத்திருக்க வேண்டும். 2015இல் 145 குதிரைத்திறனோடு பத்து லட்சத்துக்குள் வந்த ஃபியட்டின் அபார்த் புன்டோ எனக்கே ரொம்பப் பிடித்த வண்டி. பிஎஸ்6 என்ற புகை விதி வருவதற்குள் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. இப்போது ஒருவன் அதை ஆசையாகக் கொண்டுவந்தால், உதிரிபாகம் தேடி ஊர் ஊராகப் போன் செய்ய ஆள் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பெங்களூர் வண்டிக்கு இன்னொன்று. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி), இங்குள்ள வரி, ஆர்டிஓ அலைச்சல், எல்லாம் வாங்குபவர் பாடு. விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புதிதாகவே எடுக்கிறேன் என்கிறவர்களுக்கு: 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 53 லட்சத்துக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐக்கு வரி மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டும். அந்தப் பத்து லட்சத்துக்கு ஹூண்டாய் ஐ20 என்-லைன் அறிமுக விலையில் ஒன்று வந்துவிடும்.

பிரிட்டனில் 18 வயதுப் பையன் வேகமான கார் வாங்கப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனியே அவனை நிறுத்திவிடும். வயது, லைசென்ஸ் எடுத்து எத்தனை வருடம், காரின் சக்தி எல்லாம் பார்த்து, சில நேரம் காரின் விலைக்குச் சமமாகக்கூட பிரீமியம் கேட்பார்கள். நம் ஊரில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு எஞ்சின் அளவு மட்டும்தான் கணக்கு. 1500 சிசிக்கு மேல் என்றால் 2022இல் வைத்த கட்டணப்படி வருடம் 7,897 ரூபாய். அறுபது வயது டாக்டர் ஓட்டினாலும் அதுதான், நேற்று லைசென்ஸ் வாங்கியவன் ஓட்டினாலும் அதுதான். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தையும் பெரும்பாலும் காரின் மதிப்பு, வயது, ஊர் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஒருவிதத்தில் பையன்களுக்கு லாபம். ஆனால், "தம்பி, இது உனக்கு ஆபத்தான வண்டி" என்று விலையாலேயே சொல்லும் ஒரு ஆள் அங்கே இருக்கிறார், இங்கே இல்லை.

க்ளெய்ம் வரும்போதுதான் கணக்கு தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையன். 1.8 டர்போதான், ரீமேப்போடு டவுன்பைப்பும், அதாவது டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாயும், மாற்றியிருந்தான். டயர் வாங்கப் பணம் பத்தவில்லை என்று முன்னால் மட்டும் இரண்டு புதுசு போட்டிருந்தான். முன் சக்கரம் இழுக்கும் வண்டிதானே, முன்னால் நல்லது இருந்தால் போதும் என்று நினைப்பது சகஜம். தப்பு. இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதுசைப் பின்னால் போட வேண்டும். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் சாதாரண ஆளும் சமாளிப்பான். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும். அவனுக்கு வாளையார் பக்கம் மழையில் சுழன்றது. மீடியனில் மோதி நின்றது. நல்லவேளை, அவனுக்கு உதடு கிழிந்ததோடு போயிற்று.

பில் 4.20 லட்சம். தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி எடுக்கவில்லை. ஐந்து வயது தாண்டிய காரில் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். சர்வேயர் வந்து டவுன்பைப்பைப் பார்த்தார். ஆர்சியிலும் பாலிசியிலும் அது இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்துக்குக் காரணம் டவுன்பைப் இல்லை, டயர்தான் என்று அந்தப் பையன் இரண்டு மாதம் அலைந்தான். கடைசியில் அவன் கையிலிருந்து போனது இரண்டே முக்கால் லட்சம். வண்டியை எடுத்துப்போன நாளன்று அவன் அப்பா வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டவுன்பைப் நான் போட்டதில்லை என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

சரி, ரேஸ் டிராக்கில் ஓட்டிக்கொள்கிறேன் என்கிறவர்களும் உண்டு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே நம் ஊரிலேயே இருக்கிறது. ஃபார்முலா 1 ஓட்டிய நாராயண் கார்த்திகேயனின் ஊரும் இதுதான். ரோட்டில் காட்டுவதை டிராக்கில் காட்டுவது எவ்வளவோ மேல், நானே போகச் சொல்வேன். ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குச் சாதாரண கார் பாலிசி செல்லாது. அங்கே சுவரில் மோதினால் முழுச் செலவும் உங்களுடையது. ஒரு நாள் டிராக்கில் ஓட்டினால் பிரேக் பேட் பாதி போகும்.

பதினெட்டு ஆகாத மகனுக்காக வண்டி பார்க்க வரும் அப்பாக்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. பிரிவு 199ஏ என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் குற்றம் செய்தால் வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி இரண்டு மென்பொறியாளர்கள் செத்துப்போனார்கள். இதைச் சொன்னதும் சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அப்படியானால் இளவயதில் வேகமான கார் வைத்துக்கொள்ளவே முடியாதா? முடியும். என்னிடம் வரும் ஒரு பொண்ணு, பல் டாக்டர், 27 வயது. 110 குதிரைத்திறன் 1.0 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக், மேனுவல் கியர். கடனில்லாமல் ஆறு லட்சத்துக்கு வாங்கினாள். எடுத்த வாரமே நான்கு நல்ல டயர், புது பிரேக் ஆயில், புது பேட். எஞ்சினில் ஒன்றும் தொடவில்லை. வால்பாறை கொண்டை ஊசிகளில் அவள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 250 குதிரைத்திறன் வைத்திருக்கும் பாதிப் பையன்களுக்கு அந்தக் கை வராது.

யாராவது அளவு கேட்டால் நான் சொல்வது இதுதான், பட்டறைக்காரன் அளவு: வாங்கும் விலையில் கால் பங்கு, கடனில்லாத ரொக்கமாக, முதல் வருடத்துக்கென்று தனியாகக் கிடக்க வேண்டும். 12 லட்சம் காருக்கு மூன்று லட்சம். "நாலு டயரையும் இன்னிக்கே மாத்தணும்" என்று நான் சொன்னால் உங்கள் முகம் மாறக் கூடாது. மாறினால் அந்த வண்டி உங்களுக்கு இன்னும் பெரிது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எனக்கும் என் பட்டறைக்கு வரும் பாதி வண்டிகள் பெரிதுதான்.

அந்தத் தம்பி அன்று ஜாப் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு வாரம் சத்தமே இல்லை. கோபம் போல என்று நினைத்தேன். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஐந்து போட்டோ. காரின் முன்பக்கமோ சைலன்சரோ இல்லை, ஐந்தும் டயர்தான். நான்கில் 2222. ஐந்தாவதில் 0418. நான் கேட்பதற்குள் கீழே எழுதியிருந்தான்: "அது ஸ்டெப்னிங்கண்ணா."