லிண்ட்பெர்க் சட்டம்: ஆளைக் கடத்திட்டு மாநில எல்லையைத் தாண்டுனா என்ன ஆகும்?

அமெரிக்காவுல 1932க்கு முன்னாடி ஆளைக் கடத்திப் பணம் கேக்குறது அந்தந்த மாநிலத்து கேஸ்தான், மத்திய அரசு தலையிட முடியாது. கடத்துனவன் கார்ல ஏத்திட்டுப் பக்கத்து மாநிலத்துக்குள்ள போயிட்டான்னா துரத்திட்டு வந்த போலீசுக்கு அங்க அதிகாரம் இல்ல. செயின்ட் லூயிஸ் ஊர்ல பாலத்தைத் தாண்டுனாலே இல்லினாய் மாநிலம் வந்துடும், அதனால அந்த ஊர் வியாபாரிங்கதான் இதுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வேணும்னு ரொம்ப அழுத்தமா கேட்டாங்க. மசோதாவும் வந்துச்சு, ஆனா நகரல.

1932 மார்ச் 1 ராத்திரி நியூ ஜெர்சில விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கோட 20 மாசக் குழந்தையை மாடி ரூம்லேர்ந்து தூக்கிட்டுப் போனாங்க. ஜன்னல்கிட்ட ஒரு லெட்டர், கீழ கையால செஞ்ச மர ஏணி. 50,000 டாலர் குடுத்தாங்க, குழந்தை வரல. மே 12ம் தேதி வீட்டுலேர்ந்து சில மைல் தூரத்துல உடம்புதான் கிடைச்சுது. எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல எனக்கு மனசு தாங்காது. இதுக்கப்பறம்தான் நகராம கிடந்த மசோதா நிறைவேறி, ஜூன் 22ம் தேதி அதிபர் ஹூவர் கையெழுத்துப் போட்டார், அதனாலதான் லிண்ட்பெர்க் சட்டம்னு பேர். அந்தக் குழந்தை கேஸ்ல மாட்டுன ஹாப்ட்மனை மாநிலக் கொலைச் சட்டத்துலதான் விசாரிச்சாங்க, ஏன்னா குத்தம் நடந்தப்ப இந்தச் சட்டமே இல்ல.

சட்டத்தோட அடிப்படை இதான்: பணத்துக்காகக் கடத்துன ஆளை மாநில எல்லை தாண்டிக் கொண்டு போனா அது மத்திய அரசு சட்டப்படி குத்தம், ஆயுள் வரைக்கும் தண்டனை குடுக்கலாம்.

இது எப்படி வேலை செஞ்சுதுன்னு பாக்க 1933 எர்ஷல் கேஸ் போதும். ஓக்லஹோமா சிட்டி எண்ணெய் முதலாளி சார்லஸ் எர்ஷலைக் கண்ணைக் கட்டிக் கொண்டு போய் 200,000 டாலர் வாங்கிட்டு விட்டாங்க. மனுஷன் அடைஞ்சு கிடந்த நாள்ல தினம் ரெண்டு தடவை மேல விமானம் போற சத்தத்தைக் கேட்டு நேரத்தை மனசுல வச்சிருந்தார், ஒரு நாள் மழைல அது வரலங்கறதையும் சேத்து. புலனாய்வு ஆளுங்க விமான டைம்டேபிளையும் வானிலையையும் ஒப்பிட்டுப் பாத்து டெக்சாஸ்ல பாரடைஸ் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கே போய் நின்னாங்க. ஓக்லஹோமாவுலேர்ந்து டெக்சாஸ், எல்லை தாண்டியாச்சு, கடத்துன ஜார்ஜ் கெல்லிக்கும் அவன் பொண்டாட்டிக்கும் ஆயுள் தண்டனை.

1934ல சட்டத்தை இன்னும் இறுக்குனாங்க. கடத்துன ஆளைக் காயமில்லாம விடலன்னா ஜூரி (பொதுமக்கள்லேர்ந்து எடுக்குற தீர்ப்புக் குழு) சிபாரிசு பண்ணி மரண தண்டனை வரைக்கும் போகலாம், அதாவது பத்திரமா விட்டா உன் உயிர் தப்பும்னு கடத்துனவனுக்கே ஒரு காரணம் குடுத்தாங்க, இது நல்ல யோசனைன்னுதான் எனக்குப் படுது. ஏழு நாள்ல ஆள் வரலன்னா எல்லை தாண்டிட்டதா எடுத்துக்கலாம்னும் சேத்தாங்க, அப்பறம் 1956ல அது 24 மணி நேரமாச்சு. பணத்துக்காக மட்டும் இல்ல, வேற காரணத்துக்குக் கடத்துனாலும் செல்லும்னு ஆச்சு, கைதாகாம தப்பிக்க ரெண்டு போலீஸ்காரங்களைத் தூக்கிட்டுப் போன ஆர்தர் கூச் அப்படித்தான் 1936ல தூக்குக்குப் போனான். பெத்தவங்க தன்னோட சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா இந்தச் சட்டம் பாயாது.

ஆனா ஒரு ஓட்டை இருந்துச்சு. ஜூரி மட்டும்தான் மரண தண்டனை சொல்லலாம்னா, ஜூரி விசாரணை கேக்குற உரிமையைப் பயன்படுத்துறவனுக்கு மட்டும்தான் உயிர் ஆபத்து, குத்தத்தை ஒத்துக்கிட்டவன் தப்பிச்சுக்குவான். அது நியாயமில்லன்னு 1968ல சுப்ரீம் கோர்ட் அந்த மரண தண்டனைப் பகுதியை மட்டும் ரத்து பண்ணிட்டு மிச்ச சட்டத்தை அப்படியே விட்டுடுச்சு.