சொல் விளக்கம்: அவுட்கம்

குழந்தையின் மண்டையோட்டு அறுவை சிகிச்சை பற்றிக் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் பேச்சு வந்தால் மருத்துவர் ‘அவுட்கம்’ என்பார், தாதி மலாயில் ‘கெபுத்துசான்’ என்பார், வீட்டில் பாட்டி ‘என்ன முடிவு சொன்னாங்க?’ என்று கேட்பார். மூன்றும் ஒன்றல்ல.

ஆங்கிலத்தில் அவுட், கம் இரண்டும் சேர்ந்தால் ‘வெளியே வருவது’. 1910களிலேயே பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன், சிகிச்சை பலித்ததா என்று தெரியும்வரை ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர வேண்டும் என்று வாதாடினார்; அவர் வைத்த பெயர் ‘எண்ட் ரிசல்ட்’. அப்புறம் 1966இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் அவெடிஸ் டொனபேடியன் மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்து எழுத, ‘அவுட்கம்’ கலைச்சொல்லாக ஊன்றிவிட்டது.

தமிழில் எதைச் சொல்வது? ‘முடிவு’ எனக்கு ஒப்பவில்லை. தேர்வு முடிவும் அதுதான், எடுத்த தீர்மானமும் அதுதான். மலாய் ‘கெபுத்துசானு’க்கும் இதே இரட்டைப் பொருள். போதாததற்கு, வளர்கிற பிள்ளைக்கு எதுவும் முடிந்துவிடவில்லை. ‘பலன்’ பேச்சுக்குச் சரி, ஆனால் ராசிபலன் வாசம் வீசும். ‘விளைவு’தான் பொருத்தம். விளைதல் என்றால் முற்றுதல். விளைச்சலும் அந்த வேரில் வந்ததே. மலாய் ‘ஹாசிலு’ம் விளைச்சலைக் குறிக்கும், மலேசிய வரி வாரியத்தின் பெயரிலும் அச்சொல் இருப்பதால் நம் ஆட்களுக்கு அதைக் கேட்டதும் வருமான வரி நினைவுக்கு வருவது வேறு விஷயம். ‘பக்கவிளைவு’, ‘பின்விளைவு’ ஆகியவற்றால் இச்சொல்லுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. ‘சிகிச்சை விளைவு’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் தீரும்.

கிரேனியோசினொஸ்டோசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டு எலும்புகளின் பொருத்துவாய் (எலும்புகள் சந்திக்கும் கோடு) காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும் பிறவிக் குறை. ஏறக்குறைய 2000 முதல் 2500 பிறப்புக்கு ஒன்று. ஒட்டிய பொருத்துவாய்க்குக் குறுக்குத் திசையில் வளர்ச்சி தடைப்படும் என்று 1851இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ சொன்னார். உச்சந்தலையில் முன்பின்னாக ஓடும் நடுப்பொருத்துவாய் ஒட்டினால் தலை தோணிபோல் நீளும்.

அறுவைக்குப் பின் எதை அளப்பது? பழைய அளவுகோல் தலைக் குறியெண்: தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்குவது. எளிதுதான், ஆனால் நெற்றி துருத்திக்கொண்டிருந்தாலும் எண் அழகாக வந்துவிடலாம். 1987இல் அமெரிக்க அறுவை மருத்துவர் விட்டேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் வேறு வழி பார்த்தார்கள்: மறு அறுவை வேண்டுமா என்பதை வைத்து நான்கு வகை. முதல் வகைக்கு ஒன்றும் வேண்டாம். நான்காவதுக்கு முதல் அறுவை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ இன்னொன்று தேவை. பெரும்பாலும் அறுவை செய்தவரே மதிப்பெண்ணும் போடுவதுதான் இதன் பலவீனம். இவை தவிர பார்வை நரம்பில் வீக்கம் உண்டா (மூளை அழுத்தத்தின் அறிகுறி), தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா, பேச்சும் கற்றலும் எப்படி என்றும் பார்க்க வேண்டும்.

‘அவுட்கம் மெஷர்’ என்பது விளைவு அளவுகோல். அதைக் கொண்டு அளக்கும் செயலே விளைவு அளவீடு. ‘பேஷண்ட் ரிப்போர்டட் அவுட்கம்’ என்றால் நோயாளியே சொல்லும் விளைவு. எடுத்துக்காட்டாக, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு உள்ளோருக்கான கிளெஃப்ட்-கியூ வினாநிரல் 8 முதல் 29 வயதினரிடம் கேட்கப்படுகிறது. கைக்குழந்தையாக அறுவை மேசைக்குப் போன பிள்ளை, தன் முகத்தைப் பற்றித் தானே பதில் சொல்ல அத்தனை ஆண்டுகள் ஆகும்.