ஒரு ஜெனரேட்டரும் ஒரு தெருவும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களும் சாய்ந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. இருட்டைவிட மக்களை வாட்டியது தண்ணீர். அடிபம்புகள் போய் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்துவிட்ட ஊர்களில், மின்சாரம் நின்றால் நிலத்தடியில் நீர் இருந்தும் குடத்துக்கு வராது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிகளைப் பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் நிரப்பின. வீட்டுத் தொட்டிகளை நிரப்ப, வாடகைக்கு எடுத்த சிறிய ஜெனரேட்டர்கள் தெருத் தெருவாகச் சென்றன. ஒரு வீட்டில் அரை மணி நேரம் ஓடிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்த அந்த ஏற்பாடு, தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். ஆனாலும் அந்த இயந்திரத்தின் இயல்புக்கு அதைவிடப் பொருத்தமான பயன்பாடு இல்லை என்பதை அதன் உட்கூற்றைப் பார்த்தால் உணரலாம்.

மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த தத்துவம்தான் எல்லா ஜெனரேட்டர்களுக்கும் அடிப்படை: கம்பிச்சுருளைக் கடந்து காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால், அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். வீட்டுக்கு வாங்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில், இரண்டு துருவங்கள் கொண்ட காந்தத்தை எஞ்சின் சுழற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஓர் அலை என்பதால், நம் வீட்டுச் சாதனங்கள் எதிர்பார்க்கும் நொடிக்கு 50 அலைகளைத் தர அது நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றே ஆகவேண்டும். லோடு கூடி வேகம் குறையத் தொடங்கினால், கவர்னர் என்னும் அமைப்பு கார்புரேட்டரின் வாயிலைத் திறந்து கூடுதல் எரிபொருளை விடுகிறது. லோடு குறைந்தால் மூடுகிறது. மோட்டாரைப் போட்டதும் ஜெனரேட்டரின் ஒலி ஒரு கணம் தாழ்ந்து, பிறகு உறுமி எழுவது இதனால்தான்.

வேகம் மாறக்கூடாது என்ற இந்தக் கட்டாயத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் எஞ்சின் 3000 சுற்றுகளைச் சுற்றியாக வேண்டும். பிஸ்டனின் உராய்வு, காற்றை உள்ளிழுக்கும் உழைப்பு, வெப்பமாக வெளியேறும் இழப்பு எல்லாவற்றுக்கும் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. முக்கால்பங்கு லோடில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் அதிலிருந்து ஒன்றரை யூனிட்டையோ 2 யூனிட்டையோ மின்சாரமாகத் தரும். லோடு மிகக் குறைவாக இருந்தால் அரை யூனிட்கூடத் தேறாது. இரண்டு மின்விசிறிக்கும் இரண்டு விளக்குக்குமாக இரவு 8 மணி நேரம் ஓட்டினால் 4 லிட்டர் வரை தீர்ந்துவிடலாம். அதே 4 லிட்டரைக் கொண்டு 1 குதிரைத்திறன் மோட்டாரை வீடு வீடாக ஓட்டினால், ஆயிரம் லிட்டர் தொட்டிகள் எட்டையாவது நிரப்பிவிட முடியும். மின்விசிறியும் விளக்கும் கைப்பேசியும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு உரிய வேலைகள். ஜெனரேட்டர் ஓடும் நேரத்திலேயே அந்த பேட்டரிகளையும் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் இரவில் எஞ்சினை நிறுத்திவிடலாம். படுகையில் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதைப் போல மின்சாரத்தையும் முறைவைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்குப் போதாத இயந்திரம் ஒரு தெருவுக்குப் போதும்.

முறைவைப்பதற்கு இன்னொரு வலுவான காரணம், மோட்டார்கள் கிளம்பும் விதம். 3 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 13 ஆம்பியர். 1 குதிரைத்திறன் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும்போது எடுப்பது 6, 7 ஆம்பியர்தான். கணக்குப்படி இரண்டு மோட்டார்கள் ஓடவேண்டும். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் 25 முதல் 35 ஆம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தைத் தர முயலும்போது ஜெனரேட்டரின் மின்னழுத்தம் சரிகிறது. மோட்டாரின் சுழற்றுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தம் 70 சதவீதமாக இறங்கினால் விசை பாதியாகிவிடும். பாதி விசையில் குழாயில் நிற்கும் நீரின் பாரத்தைத் தள்ள முடியாமல் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். நின்றபடியே முழு மின்னோட்டத்தையும் இழுத்துச் சுருள் சூடாகிக் கருகும். ஆகவே முதலில் மோட்டாரை மட்டும் தனியாகக் கிளப்பி, அது சீராக ஓடத் தொடங்கிய பிறகே மற்றவற்றைப் போடவேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசரும் ஒரு மோட்டார்தான். அதை நிறுத்திய உடனே மீண்டும் போட்டால், உள்ளே வாயுவின் அழுத்தம் சமன்படாத நிலையில் கிளம்ப முடியாமல் திணறும். 5 நிமிடமாவது இடைவெளி தேவை. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் 4 மணி நேரம் வரை குளிர் தாங்கும் என்பதால், ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் முறைவைத்து மின்சாரம் தருவதில் பெரிய இழப்பில்லை. இன்சுலின் வைத்திருப்பவர்கள், நெபுலைசர் தேவைப்படும் குழந்தை உள்ளவர்கள் ஆகியோரின் முறை முதலில் வரவேண்டும். பல வீட்டு இன்சுலினையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைப்பது இன்னும் நல்லது.

ஜெனரேட்டரைத் தூக்கிச் செல்ல முடியாதபோது பக்கத்து வீட்டுக்கு வயர் இழுக்கிறோம். இங்கேதான் பலரும் வயரின் கனத்தைக் கவனிப்பதில்லை. 30 மீட்டர் தொலைவிலுள்ள வீட்டுக்கு மின்சாரம் போய்த் திரும்ப 60 மீட்டர் கம்பி. ஜங்ஷன் பாக்ஸில் வரும் 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால் அதன் மின்தடை சுமார் 1 ஓம். 25 ஆம்பியர் இழுத்து மோட்டார் கிளம்பும் நொடியில், வயரிலேயே 25 வோல்ட் தொலைந்துவிடும்; ஜெனரேட்டரில் ஏற்கெனவே சரிந்த மின்னழுத்தம் மேலும் சரியும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 10 வோல்ட் அளவில் நிற்கும். மிஞ்சிய வயரைச் சுருட்டி வைப்பதும் ஆகாது, சுருளின் உட்புறத்தில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றிக் காப்புறை இளகிவிடும்.

வயர்கள் பல வீடுகளுக்குப் பிரியும்போது வேறோர் ஆபத்தும் சேர்கிறது. சிறிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் முனை பூமியோடு இணைக்கப்பட்டிருக்காது. அதனால் ஓரிடத்தில் மின்கசிவு ஏற்பட்டால், மின்னோட்டம் பூமிவழியாகத் திரும்ப முழுமையான பாதை இல்லை; ஷாக் அடிக்காமல் போகலாம், மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்க வீட்டில் வைத்திருக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் விழாது. பழுது ஒளிந்தே இருக்கும். வேறொரு வீட்டில், மற்றொரு முனையில் இரண்டாவது கசிவு ஏற்பட்டதும் பாதை முழுமையாகி, அங்கே ஈரக் கையோடு தொடுபவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். இணைக்கும் வீடுகள் கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடும். எனவே, நிரந்தரமாகப் பகிர்ந்துகொள்ள எண்ணும் தெருக்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் கம்பி அடித்து, நியூட்ரலை முறைப்படி இணைத்துவிட வேண்டும்.

எஞ்சினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அசதி என்றுதான் தொடங்கும். புயலுக்குப் பிந்தைய களைப்பு என்று எண்ணிப் படுத்துவிட்டால் எழாமலே போக நேரிடும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் புகை என்றே கொண்டு, எல்லோரும் உடனே வெட்டவெளிக்கு வந்து, மருத்துவ உதவியை நாடவேண்டும். மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைத் திண்ணையிலோ கார் நிறுத்துமிடத்திலோ வைக்கக்கூடாது. கதவு சன்னல்களிலிருந்து 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வெளிப்புறம் பார்க்க இருக்கவேண்டும். நெருக்கமான தெருக்களில் நம் சன்னலுக்கு 6 மீட்டர் தள்ளிய இடம் அடுத்த வீட்டாரின் படுக்கையறைச் சுவராக இருந்துவிடும் என்பதையும் பார்க்கவேண்டும். எரிபொருள் ஊற்றும்போது எஞ்சினை நிறுத்தி ஆறவிடுவது, தீயைத் தவிர்க்க எளிய வழி.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகுவது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறி டிரான்ஸ்பார்மரை அடையும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், மறுதிசையில் வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். ஊர் முழுவதும் கம்பியோடு இணைந்திருந்தால் அவ்வளவு லோடைத் தாங்காமல் சிறிய ஜெனரேட்டர் நின்றுபோகும். புயலில் கம்பி அருகிலேயே அறுந்திருந்தாலோ தாங்க வேண்டிய லோடு குறைவு. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அறுந்த முனையில் உயிர் இருக்கும். கஜாவின்போது பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து கம்பம் நட்ட தொழிலாளர்களுக்கு, எந்தத் தெருவில் எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தினால், வீடு மின்வாரியக் கம்பியோடு இணைந்திருக்கும் அல்லது ஜெனரேட்டரோடு இணைந்திருக்கும். இரண்டோடும் ஒருசேர இணைய அதன் அமைப்பே இடம் தராது. அது இல்லாத வீடுகளில், சாதனங்களை நேரடியாக ஜெனரேட்டரிலிருந்து வரும் ஜங்ஷன் பாக்ஸில் மட்டுமே செருகவேண்டும். கம்பத்தில் ஏற ஆள் வந்துவிட்டால், ஜெனரேட்டர் வைத்திருப்பவர் தாமாகவே சென்று அதைச் சொல்லி, அவர் கண்ணெதிரே எஞ்சினை நிறுத்தி, வேலை முடிந்து அவர் இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும்.