நிக்கல் கெடுத்தது, டைட்டானியம் கொடுத்தது

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கு ‘சீக்லர்–நட்டா வினையூக்கி’ (வினையை வேகப்படுத்தும் பொருள்) நினைவிருக்கலாம். பாலித்தீன் பாடத்தில் ஒற்றை வரியில் வந்துபோகும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவோம். அந்த வரி உருவானது, சொதப்பிப்போன ஒரு பரிசோதனையை விடாமல் துருவியதால்.

கார்ல் சீக்லர் ஜெர்மானியர். கார்பன் நேரடியாக உலோகத்தோடு பிணைந்திருக்கும் சேர்மங்கள்தான் அவருடைய வாழ்நாள் வேலை. முதலில் லித்தியம், பிறகு அலுமினியம். 1943இல் மூல்ஹைம் நகரில் இருந்த நிலக்கரி ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக வரும்படி அழைத்தார்கள். நிலக்கரிக்குப் பயன்படுமா என்று பார்க்காமல், கார்பன் சேர்மங்களில் எதை வேண்டுமானாலும் ஆராய விடுவதென்றால் வருகிறேன் என்றார். ஒத்துக்கொண்டார்கள். நிலக்கரிக்கென்றே தொடங்கிய நிறுவனத்திடம் இப்படிக் கேட்க நெஞ்சழுத்தம் வேண்டும்.

அங்கே அவர் கையாண்ட முக்கியமான பொருள் டிரைஎத்தில் அலுமினியம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும். ஓர் அலுமினிய அணுவோடு மூன்று எத்தில் தொகுதிகள், அதாவது இரண்டிரண்டு கார்பன் கொண்ட துண்டுகள். இதோடு, பாலித்தீனின் மூலப்பொருளான, இரண்டு கார்பன் உள்ள எத்திலீன் வாயுவை அழுத்தத்தில் சேர்த்துச் சூடாக்கினால், அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் நடுவே ஓர் எத்திலீன் மூலக்கூறு புகுந்துகொள்ளும். அப்புறம் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. முடி வளர்வதைப் போலத்தான்: நுனி தள்ளிக்கொண்டே போகும், புதிய துண்டு சேர்வது வேரில், உலோகத்தை ஒட்டிய இடத்தில். ஆனால் ஓரளவு நீண்டதும் சங்கிலி உலோகத்தை விட்டுக் கழன்றுவிடும். உண்மையான பிளாஸ்டிக் ஆகும் அளவுக்கு வளராது.

1950களின் தொடக்கத்தில் எர்ஹார்ட் ஹோல்ட்ஸ்காம்ப் என்ற ஆய்வு மாணவருக்கு அந்த நீளம்கூடக் கிடைக்கவில்லை. கலனைத் திறந்தால் நாலே கார்பன் உள்ள பியூட்டீன்! வேறு கலனில் மறுபடி செய்துவிட்டு இதை மறந்திருக்கலாம். காரணத்தைத் தேடிப்போனதில், கலனில் மிச்சமிருந்த துளி நிக்கல் அகப்பட்டது. சங்கிலியின் இரண்டாவது கார்பனில் உள்ள ஹைட்ரஜன் உலோகத்துக்குத் தாவினால் சங்கிலி கழன்றுவிடும். நிக்கல் அந்தக் கழற்சியைப் பல மடங்கு வேகப்படுத்தியிருந்தது.

சரி, நிக்கல் இப்படிச் செய்கிறதென்றால் மற்ற உலோகங்கள்? தனிம அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஹைன்ஸ் பிரைல் என்ற மாணவர் சிர்கோனியம் சேர்மத்தைப் போட்டபோது நேர் எதிரானது நடந்தது: கலன் நிறைய வெள்ளைப் பாலித்தீன். டைட்டானியம் டெட்ராகுளோரைடு அதைவிட வேகம். 100 வளிமண்டல அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அழுத்தமே தேவைப்படவில்லை. அதுவரை தொழிற்சாலைகளில் பாலித்தீன் செய்ய 1,000 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் கடும் வெப்பமும் வேண்டியிருந்தது. 1953 இலையுதிர் காலத்தில் மூல்ஹைமில் அதைக் கண்ணாடி ஜாடியிலேயே செய்து காட்டினார்கள். கரைப்பானில் டிரைஎத்தில் அலுமினியத்தையும் டைட்டானியம் டெட்ராகுளோரைடையும் கலந்து எத்திலீனைக் குமிழவிட்டால் போதும். சூடுபடுத்தாமலே திரவம் சூடாகும், வெள்ளைத் தூள் சேர்ந்து கெட்டியாகும்.

டைட்டானியம் என்னதான் செய்கிறது? அலுமினியம் தன் எத்தில் தொகுதியை அதற்குக் கொடுத்துவிடுகிறது. டைட்டானியத்தின் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு எலக்ட்ரான்கள் அங்கே வந்து ஒட்டும். உடனே சங்கிலி அதன்மேல் நகர்ந்து சேரும். இடம் மறுபடி காலி. அடுத்த எத்திலீன் வரும். கழற்சி இங்கேயும் உண்டு, ஆனால் சேர்க்கையின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஆயிரக்கணக்கில் எத்திலீன் சேர்ந்த சங்கிலி, கிளையே இல்லாமல் நீளும். கிளை இல்லாததால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, பொருள் விறைப்பாகிறது. உயர் அழுத்த முறையில் வந்த பாலித்தீன் கிளைகளோடு இருப்பதால் தொளதொளவென்று வளையும்.

இதே வினையூக்கியை, மூன்று கார்பன் உள்ள புரொப்பிலீன் வாயுவில் முயன்று 1954 மார்ச்சில் வென்றவர் மிலானில் இருந்த ஜூலியோ நட்டா. சங்கிலியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கார்பன் துண்டுகளான மெத்தில் தொகுதிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக அமைந்த பாலிபுரொப்பிலீன் அவருக்குக் கிடைத்தது. தன் கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு முந்திக்கொண்டார் என்ற வருத்தம் சீக்லருக்கு இருந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1963இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

தொடக்கக் காலத் தொழிற்சாலைகளில் பிளாஸ்டிக்கிலிருந்து வினையூக்கி எச்சத்தைக் கழுவி எடுப்பதே பெரிய செலவு. இன்று டைட்டானியத்தை மெக்னீசியம் குளோரைடின் மேல் படியவைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கிராம் வினையூக்கி பல கிலோ பாலிபுரொப்பிலீன் கொடுப்பதால் எச்சம் மிகச் சொற்பம். அதைக் கழுவுவதில்லை, பிளாஸ்டிக்கிலேயே விட்டுவிடுகிறார்கள்.